50 கே.பி.க்குள் ஒரு முகம்

டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் மெஷினைவிட அதிகம் சூடாவது நான்தான். பெயர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் மளமளவென்று ஏறிவிடும். போட்டோ கேட்கும் இடத்தில் வந்து வண்டி நின்றுவிடும். போட்டோ 20 கே.பி.க்குக் குறையக் கூடாது, 50 கே.பி.யைத் தாண்டக் கூடாது. கையெழுத்துக்கு 10 முதல் 20 கே.பி. விண்ணப்பிக்க வரும் பையன் போனில் இருப்பதோ நாலு எம்.பி. படம். "அக்கா, எப்படியாச்சும் குறைச்சு விட்டுருங்கக்கா" என்பான்.

எப்படியாச்சும் குறைப்பதற்கு ஆயிரம் ஆப் இருக்கிறது. அதில் ஒன்றைப் போட்டு அவனே குறைத்துக்கொண்டும் வந்திருப்பான். பெரிதாக்கிப் பார்த்தால் கன்னம் கட்டம் கட்டமாக இருக்கும், மீசை தோலோடு கரைந்து கிடக்கும். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கிற படம் 4000-க்கு 3000. அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அத்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டு 50 கே.பி.க்குள் அமுக்கினால் சுமார் 240 புள்ளிக்கு ஒரு பைட்தான் கிடைக்கும். அதில் முகம் எங்கே பிழைக்கும்?

வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது 200-க்கு 230 பிக்சல் படம். மொத்தமே 46,000 புள்ளிகள். அதற்கு 50 கே.பி. என்றால் புள்ளிக்கு ஒரு பைட் வந்துவிடுகிறது. இது தாராளம். அதனால் என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் தலையும் தோளும் நிற்கிற மாதிரி கிராப், அடுத்து ரீசைஸ், கடைசியில்தான் க்வாலிட்டி. ஆப் போட்டுக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதில் போய்க் கை வைக்கிறார்கள்.

அந்த க்வாலிட்டி என்ற எண்ணுக்குப் பின்னால் நடப்பது ரசிக்கத்தக்க வேலை. நாம் தினமும் புழங்குகிற ஜேபெக் முறை 1992-இல் தரமாக ஏற்கப்பட்டது. அது முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. வெளிச்சத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் நம் கண் பிடித்துவிடும். நிறத்தில் அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால் பெரும்பாலும் நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்கிறார்கள். அதிலேயே பாதி எடை போய்விடுகிறது. அப்புறம் படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் 64 புள்ளிகளை வேறு 64 எண்களாக மாற்றுவார்கள். முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி. மற்றவை, மெதுவாக மாறும் நிழலில் தொடங்கி மயிரிழை நுணுக்கம் வரை போகும். நுணுக்கத்துக்கான எண்களைப் பெரிய எண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளி முழு எண்ணாக்கினால் பாதிக்கு மேல் பூஜ்யமாகிவிடும். வரிசையாக வரும் பூஜ்யங்களை எழுதிவைக்க இடம் அதிகம் வேண்டியதில்லை. எவ்வளவு பெரிய எண்ணால் வகுப்பது என்பதைத்தான் க்வாலிட்டி தீர்மானிக்கிறது. 100-இலிருந்து 90-க்கு இறக்கினால் ஃபைல் பெரும்பாலும் பாதியாகும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. 50-க்குக் கீழே போனால்தான் அந்த 8-க்கு 8 கட்டங்கள் வெளியே எட்டிப்பார்க்கும்.

64 புள்ளிகளை 64 எண்களாக மாற்றும் இந்தக் கணக்கை முதலில் யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதை ஆராய 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார்கள். டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974-இல் கட்டுரையாக வெளியிட்டார். எளிமை என்று தள்ளப்பட்டதுதான் இன்று எல்லார் போனிலும் ஓடுகிறது.

ஜேபெக் நுணுக்கத்தை வகுத்துத் தள்ளுகிற விதம் தெரிந்தால் இன்னொன்றும் விளங்கும். ஒரே அளவு, ஒரே க்வாலிட்டி. ஆனாலும் பூப்போட்ட திரைச்சீலைக்கு முன்னால் எடுத்த படம் கனமாக இருக்கும், வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்தது லேசாக இருக்கும். நுணுக்கம்தான் இடத்தைத் தின்கிறது. ராத்திரி ட்யூப்லைட்டில் எடுத்த படத்தில் பொரி பொரியாக வருகிறதே, அதையும் நுணுக்கம் என்று நினைத்து ஜேபெக் பத்திரமாகச் சேர்த்துவைக்கும். பகலில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வெறும் சுவர் பின்னணியில் எடுத்தால் எடை குறைக்கும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். கையெழுத்துக்கும் அப்படித்தான். கோடு போட்ட நோட்டில், கை நிழல் விழ, நீல ரீஃபிலில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போடுங்கள். தாளின் சாம்பல் நிறத்தை நான் வெளுப்பாக்கிவிட்டால் மிஞ்சுவது கையெழுத்து மட்டும்.

டிபிஐ, டிபிஐ என்று சிலர் உயிரை விடுகிறார்கள். பிக்சல் எண்ணிக்கை மாறாதவரை டிபிஐயை 72 என்று போட்டாலும் 200 என்று போட்டாலும் கே.பி. அசையாது. அச்சடிக்கும்போது எவ்வளவு பெரிதாக அடிப்பது என்ற குறிப்பு அது, அவ்வளவே.

ஐபோன்காரர்கள் தனி ரகம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அந்த போன்கள் எச்இஐசி என்ற வடிவில் படத்தைச் சேமிக்கின்றன. நல்ல வடிவம்தான், ஜேபெக்கைவிடக் கச்சிதம். ஆனால் விண்ணப்பப் பக்கம் வாங்காது. பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா? ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்துதான் ஆக வேண்டும்.

"போட்டோவை வாட்ஸ்அப்ல போட்டு விடவாக்கா?" என்றால், "டாக்குமெண்டா அனுப்புப்பா" என்பேன். சாதாரணமாக அனுப்பினால் அது ஒருமுறை சுருக்கும், நான் ஒருமுறை சுருக்குவேன், நஷ்டம் இரட்டிப்பு. முன்பின் தெரியாத வெப்சைட்டில் முகத்தையும் கையெழுத்தையும் ஏற்றிச் சுருக்குவதும் எனக்குப் பிடிக்காது. அந்த இரண்டும் ஒருவன் கையில் சேர்ந்து கிடைப்பது நல்லதில்லை. கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் இலவசம். எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ரிவ்யூவை டிக் செய்துவிட்டால், க்வாலிட்டியை இழுக்க இழுக்க எத்தனை கே.பி. வரும் என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

சில சமயம் கதை தலைகீழாகும். பின்னணி சுத்தமாக இருந்தால் 200-க்கு 230 படம் 14 கே.பி.யில் வந்து நிற்கும். 20-க்குக் கீழே என்று பக்கம் திருப்பி அடிக்கும். பையன் முகம் தொங்கிவிடும். க்வாலிட்டியை 95-க்கு ஏற்றினால் போதும், உள்ளே போய்விடும். சுருக்கியதை வேறு பெயரில் சேமித்துக் கொடுத்து, நாலு எம்.பி. ஒரிஜினலை அழிக்காதே என்று சொல்லித்தான் அனுப்புவேன். அடுத்த தேர்வுக்கு வேறு அளவு கேட்பார்கள்.