ஒட்டிய பிறகும் நீளும் விரிசல்

பந்து பட்டதில் சன்னல் கண்ணாடியில் விரல் நீளத்திற்கு ஒரு விரிசல். மறுநாள் காலையில் அது ஒரு சாண் நீண்டிருக்கிறது. இரவில் யாரும் தொடவில்லை. பிறகு எப்படி?

ஒரு தாளின் இரு முனைகளையும் பிடித்து இழுங்கள்; எளிதில் கிழியாது. ஓரத்தில் சிறிதாக வெட்டிவிட்டு இழுங்கள். வெட்டிய இடத்திலிருந்தே கிழியும். இழுவிசை வெட்டின் முனையில் குவிவதே காரணம். கண்ணாடியிலும் இதுவே நிகழ்கிறது. நுண்ணிய விரிசல்களே கண்ணாடியின் வலிமையைக் குறைக்கின்றன என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் கிரிஃபித் 1921இல் விளக்கினார்.

நம் ஊரின் ஈரக்காற்றும் விரிசலுக்குத் துணைபோகிறது. கண்ணாடியிலுள்ள சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்களின் பிணைப்புகள் விரிசல் முனையில் இழுபட்டு நிற்கின்றன. நீர் மூலக்கூறுகள் அவற்றை மெல்ல மெல்ல அறுக்கின்றன. வெயிலில் கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரியும்போது, சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் ஓரப்பகுதி மேலும் இழுபடுகிறது.

ஒட்டுநாடா விரிசலை நிறுத்துமா? நிறுத்தாது. கண்ணாடியைவிட நாடா மிக எளிதில் நெகிழும். ஆகவே இழுவிசையைக் கண்ணாடியே தாங்க வேண்டியுள்ளது. ஆனால், கண்ணாடி உடைந்தால் துண்டுகள் சிதறாமல் நாடா ஓரளவு பிடித்துக்கொள்ளும். அடுக்குமாடி வீடுகளில் இது முக்கியம். காற்றுத்தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துண்டு மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும்.

கண்ணாடி மாற்றப்படும்வரை செய்ய வேண்டியவை:

• முதலில் பெற்றோரிடம் சொல்லுங்கள். சிறுவர்களை அருகே விடாதீர்கள்.

• சன்னலைத் திறக்காமல் பூட்டியே வையுங்கள். வெளிப்புறம் ஒட்டுவதற்காக எட்டிச் சாயவே கூடாது.

• பெரியவர் ஒருவர் தடித்த கையுறையும் காலணியும் அணிந்து, விரிசல் நெடுக அகலமான ஒட்டுநாடாவை ஒட்டட்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

• சிறிய ஓட்டையைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடலாம். பெரிய ஓட்டைக்கு ஒட்டுப்பலகை தேவை. அதைச் சட்டத்தோடு இறுகப் பிணைக்க வேண்டும்.

பலகை எதற்கு? சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 240 நியூட்டன் விசை விழும். அது ஏறக்குறைய 24 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். வெறும் பிளாஸ்டிக் தாள் அதைத் தாங்குவது கடினம்.

• உடைந்த துண்டுகளை நாளிதழில் பல மடிப்பாகச் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதிய பிறகே குப்பையில் போடுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் காயப்படக் கூடாதல்லவா?

ஒட்டுநாடா நமக்குத் தருவது சிறிது அவகாசம் மட்டுமே. அதற்குள் கண்ணாடியை மாற்றிவிடுவதே தீர்வு.