ஃபிரிஹிலியானா: ஊரை விட்டுப் போகாத சொற்கள்

ஸ்பெயினின் மாலகா மாகாணத்தில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் நெர்ஹாவிலிருந்து 6 கிலோமீற்றர் மேலே ஏறினால் ஃபிரிஹிலியானா. மலைச்சரிவில் சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள். பழைய பகுதியில் ஒழுங்கைகளும் கல்படிகளும்தான், முழங்கால் நோகும்.

சுற்றுலாக் கைந்நூல்கள் இதை ‘அழகான மூர் கிராமம்’ என்று சொல்லிட்டுப் போயிடும். அந்த முஸ்லிம்களுக்கு என்ன நடந்தது? பதில் தெருச் சுவர்களிலேயே இருக்கிறது. டைல் பதித்த 12 பலகைகள் அந்தக் கதையைச் சொல்கின்றன. கைபேசியில் மொழிபெயர்த்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே ஏறினேன்.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. பிறகு கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களையும் அவர்களின் சந்ததியையும் மொரிஸ்கோக்கள் என்றார்கள். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னனின் ஆணை அவர்களுடைய அரபுப் பேச்சு, எழுத்து, உடுப்பு, பெயர், ஹம்மாம் எல்லாவற்றையும் தடைசெய்தது. அடுத்த வருடமே கிளர்ச்சி வெடித்தது. 1569 ஜூனில், இவ்வூருக்கு மேலேயுள்ள குன்றில் அரண் அமைத்து நின்றவர்கள் தோற்கடிக்கப்பட்டார்கள். ஊரில் வேறிடத்துக் கிறிஸ்தவர்கள் குடியேற்றப்பட்டார்கள். 1609இல் தொடங்கி, எஞ்சிய மொரிஸ்கோக்களை நாட்டை விட்டே துரத்தினார்கள்.

தமிழ் படித்த ஆக்களுக்குக் கண் சொல்லின் மேல்தானே போகும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் அங்கே ‘அஸேகியா’, அரபியில் அஸ்ஸாகியா. சீனிக்கு ‘அஸூகார்’, அது அஸ்ஸுக்கர். அதற்கும் முந்திய மூலம் சமஸ்கிருதத்துச் சர்க்கரா, எங்கட சர்க்கரையும் அதுவேதான். கத்தரிக்காய் ‘பெரென்ஹேனா’, பாதின்ஜானின் திரிபு. அதை மெல்லிசா வெட்டி, மாவில் பிரட்டிப் பொரித்து, மேலே கரும்புப் பாணி ஊற்றித் தருவார்கள். கரும்பும் அரபிகள் அங்கே கொண்டுபோன பயிர்தான். பாணி இன்றும் அந்த ஊரிலேயே, ஒரு காலத்தில் பிரபுக்களின் மாளிகையாக இருந்த எல் இன்ஹெனியோ ஆலையில் தயாராகிறது. நிறத்தில் கித்துள் பாணி மாதிரி; வாசம் வேறு. அரசன் தடுத்த மொழியைக் குசினிக்காரர்கள் நாளுக்குப் பத்துத் தரம் உச்சரிக்கிறார்கள், தெரியாமலே.

2006 முதல் ஆகஸ்ட் கடைசியில் ‘மூன்று பண்பாடுகள்’ விழா நடக்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவ, யூத மரபுகளின் பெயரில் இசை, சந்தை, சாப்பாடு. நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று சமூகமும் கூடி இருந்த காலத்தைத்தான் விழா கொண்டாடுகிறது. அது எப்படி முடிந்தது என்பதைப் பலகைகள் சொல்கின்றன. எனக்குப் பலகைகள்தான் நேர்மையாகப்பட்டன. போகிறவர்கள் முதலில் அவற்றை வாசித்துவிட்டு, கத்தரிக்காய்ப் பொரியலுக்குப் பிறகு உட்காரலாம்.