கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஹீட் சிங்க் வாங்கப் போறீங்களா? முதல்ல ஸ்கேலை எடுங்க!

பழைய கிராஃபிக்ஸ் கார்டில் ஃபேன் நின்றுபோனால் கார்டையே தூக்கிப் போட வேண்டியதில்லை; ஹீட் சிங்க்கை மட்டும் மாற்றலாம். ஆனால் சிப்பின் சைஸை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துதான் போவீங்க. சிப்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூ ஓட்டைகள்தான் முக்கியம். ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரை மில்லிமீட்டரில் அளந்துக்கோங்க. 2 மி.மீ. தள்ளியிருந்தாலும் ஸ்க்ரூ இறங்காது.

அடுத்து உயரம். மதர்போர்டில் ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்த ஸ்லாட்டுக்கும் 20.32 மி.மீ.தான் இடைவெளி. ஹீட் சிங்க் அதைத் தாண்டினால் பக்கத்து ஸ்லாட் போச்சு! அருகில் நிற்கும் கெபாசிட்டர்கள் இடிக்குதான்னும் பாருங்க.

ஃபேன் இல்லாத மாடல் சத்தம் போடாது, சரி. ஆனால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் இல்லைன்னா, கேம் நடுவிலேயே ஸ்கிரீன் கறுப்பாகிடும். மாட்டும் முன் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதுசு தடவணும்.