கராம்பு எண்ணெய் அடியில், மிளகு எண்ணெய் மேலே

ருவான்வெல்லையில் இறப்பர்த் தோட்டங்களை ஒட்டிய வீட்டு வளவுகளில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கறுவாவும் பக்கம்பக்கமாக வளர்வதுண்டு. விலைபோவது கடைக்குப் போய்விடும். மிஞ்சுகிற கராம்புக் காம்பையும் பொக்கு மிளகையும் கறுவா இலையையும் கூட்டித் தள்ளிவிடத் தோன்றும். தள்ளிவிடாதீர்கள், வாசனை எண்ணெய் அவற்றிலும் இருக்கிறது. காய்ந்த கராம்பு மொட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய் என்றால் காம்பில் 5, 6 பங்காவது இருக்கும். கறுவா இலை 100 கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிலோ கிடைக்கும். ஒல்லாந்தர் காலத்திலேயே கொழும்பில் கறுவாப்பட்டையின் உடைசலை வாலை என்னும் வடிகலனிலிட்டு எண்ணெய் வடித்தார்கள்.

இன்றும் வடிப்பது வாலையில்தான். கலனுக்குள் துளைத்தட்டு போட்டு அதன்மேல் சரக்கை நிரப்பி, அடியிலிருந்து நீராவி விடுவார்கள். குழல் பிட்டு அவிக்கிற கைப்பக்குவம் இங்கும் வேண்டும். ஓரிடத்தில் தளர்வாக இருந்தால் ஆவி அந்த வழியே ஓடிவிடும், மற்றப் பக்கத்து இலை எண்ணெயைப் பிடித்துக்கொண்டே இருந்துவிடும். சரக்கைக் கடந்த ஆவி, குளிர்ந்த நீர்த்தொட்டிக்குள் சுருண்டு செல்லும் குழாயில் இறங்கித் துளிதுளியாக விழுகிறது.

கராம்புக்கும் கறுவா இலைக்கும் மணம் தருகிற யூஜெனோல் தனியாகக் கொதிக்க 254 பாகை செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூட்டில் மணம் கருகிவிடும். எண்ணெயும் நீரும் கலக்காதவை என்பதால் இரண்டின் ஆவியழுத்தமும் ஒன்றோடொன்று கூடுகிறது. அந்தக் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியதும் இரண்டும் சேர்ந்து கிளம்புகின்றன, அதுவும் 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே. வாலைத் தொழிலே இந்த ஒரு இயல்பில்தான் நிற்கிறது.

வடிந்ததைப் பிரிக்கும் பாத்திரத்தில் கவனம் வேண்டும். கராம்பு எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் நீரைவிடக் கனமானவை, அடியில் தங்கும். மிளகு எண்ணெயும் சாதிக்காய் எண்ணெயும் மேலே மிதக்கும். எண்ணெயை எடுக்கும் குழாய் எங்கே இருக்கவேண்டும் என்பதைச் சரக்குதான் தீர்மானிக்கிறது. பிரித்த நீர் பால்போல் கலங்கியிருந்தால் அதில் இன்னும் எண்ணெய் உண்டு. அதைக் கலனுக்கே திருப்பி ஊற்றுவது நல்லது.

ஆவியோடு பறக்கக்கூடியது மட்டுமே வரும். மிளகின் காரம் பறக்காது, ஆகவே மிளகு எண்ணெயில் மணம் இருக்கும், உறைப்பு இருக்காது. இரண்டும் வேண்டுமென்றால் கரைப்பானில்தான் பிரித்தெடுக்கவேண்டும். சூடு தாங்காத மல்லிகைக்கு மதுரைப் பக்கத்திலும் கரைப்பான்தான். தோடம்பழத் தோலைச் சூடின்றிப் பிழிந்தாலே போதும். வாலையில் இடும் சாதிக்காயிலோ கொழுப்பு அதிகம். முற்றாத காயில் கொழுப்பு குறைவு, வாசனை எண்ணெயோ அதிகம். அதனால் வடிப்பவர்கள் அதையே விரும்புவார்கள். இடித்த உடனே கலனில் இடவேண்டும், வைத்திருந்தால் மணம் காற்றோடு போய்விடும்.

எண்ணெயைக் கருநிறக் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள்; கராம்பு எண்ணெய் பிளாஸ்டிக்கை அரிக்கும். பல்வலிக்கு அதை அப்படியே தடவினால் ஈறு வெந்துவிடும். சிறு பிள்ளைகள் விழுங்கினால் ஈரலுக்கே ஆபத்து, எனவே அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.