எழுதியவரைக் கேட்க முடியவேண்டும்

கங்காதர நெல்லூரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் தந்துவிடும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து மண்டலம், தனித் தொகுதி, மாந்தோப்புகள் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். 2025 கோடையில் அந்த மாவட்டத்தில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது, கிலோவுக்கு மாங்கூழ் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் தரும் என்று அறிவிப்பு வந்தது. வந்த பிறகும் ஆலை வாசல்களில் டிராக்டர்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. அறிவிப்பு இயந்திரத்துக்கும் கிடைக்கும். வெயிலில் நின்ற வண்டியில் எவ்வளவு காய் வீணானது, எடை மேடையில் என்ன பேச்சு நடந்தது என்பதை அங்கே நின்றவர்தான் எழுதமுடியும். எந்த ஆலை, எந்த நாள் என்று அவரிடம் கேட்கவும் முடியும். நம் பெயரில் வெளிவருவதை நாமே எழுதவேண்டும் என்பதற்கு இந்தப் பொறுப்பே முதற்காரணம்.

இயந்திர எழுத்தில் தமிழுக்குப் பழைய அனுபவம் உண்டு. கூகுள் 2008இல் இந்தியில் தொடங்கி, தமிழ், தெலுங்கு உள்ளிட்ட விக்கிப்பீடியாக்களுக்குத் தன் மொழிபெயர்ப்புக் கருவி வழியே கட்டுரைகளைக் கொண்டுவந்தது. 2010க்குள் எல்லா மொழிகளிலுமாக 1.6 கோடிச் சொற்களைத் தாண்டிவிட்டதாகவும் அறிவித்தது. அதே ஆண்டு போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் அத்திட்டத்தின் குறைகளை எடுத்துவைத்தார். தமிழ் வாசகர் தேடாத தலைப்புகள், இயந்திர வாடை அடிக்கும் வாக்கியங்கள். கட்டுரை எண்ணிக்கை ஏறியது; திருத்தும் சுமை தன்னார்வலர் தலையில் விழுந்தது.

இன்றைய கருவிகள் சரளமாக எழுதுகின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அன்று வாக்கியம் இடறிய இடத்தில் வாசகர் நின்று யோசித்தார். இன்று வடபெண்ணைக் கரை நெல்லூரின் சங்கதி கங்காதர நெல்லூர்க் கட்டுரைக்குள் புகுந்தாலும் நடை இடறாது. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அங்கே வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்களுக்கு இயந்திரம் கைகொடுக்கக் கூடாதா? தாராளமாகக் கொடுக்கட்டும்: சொன்னதை எழுத்தாக்கவும், ஒற்றுப்பிழை பார்க்கவும். சொல்லவேண்டியதையும் அதனிடமே விட்டால், தெலுங்கு கலந்த அவர்களுடைய தமிழ் போய், சென்னைப் பத்திரிகைத் தமிழே திரும்பி வரும். அந்த எல்லைத் தமிழ் அச்சில் ஏறியதே குறைவு. சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களே, பிழையோடானாலும் நீங்களே எழுதுங்கள். பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.