மணப்பாடும் மாலைச் செபமும்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால், கடலை ஒட்டி உயர்ந்து நிற்கும் மணற்குன்று ஒன்று தென்படும். அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே கடலை நோக்கிய குகை, சுற்றிலும் பனைமரங்கள். அதுவே நாம் பிறந்த மணப்பாடு.

புயலில் சிக்கி உயிர் பிழைத்த போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் ஒருவர், கப்பலின் பாய்மரத்திலிருந்து சிலுவை செய்து 1540-ஆம் ஆண்டில் இக்குன்றில் நாட்டினார் என எம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். ஆண்டுதோறும் செப்டம்பர் 14 அன்று திருச்சிலுவை மகிமைத் திருநாள் இங்குச் சிறப்புடன் கொண்டாடப்படுகிறது. கொடியேறிய நாள் முதல் ஊரே புத்துயிர் பெறும். கொழும்பில் வாணிகம் செய்த முன்னோர் எழுப்பிய பெரிய வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, அந்நாள்களில்தான் திறக்கப்படுகின்றன.

கடலும் பனையும் எம் ஊருக்கு இரு செவிலித்தாயர். ஆண்கள் கடலுக்குச் செல்வர். பெண்கள் குருத்தோலையை உலர்த்தி, சாயமேற்றிப் பெட்டிகள் முடைவர். அந்தி சாய்ந்ததும் வீடுதோறும் செபமாலை ஒலிக்கும். கோயில்களைக் காட்டிலும் இவ்வொலியே எம் ஊரின் பெருஞ்செல்வம் என்பது எம் கருத்து. அதற்குக் காரணமும் உண்டு.

புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டில் இம்முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோது தமிழ் அறியாதவர். இரு மொழியும் தெரிந்தோரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் முதலியவற்றைப் பெருமுயற்சியுடன் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் வீதிவீதியாகச் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்குமாறு அச்சிறுவரைப் பணித்தார். 1544-ஆம் ஆண்டில் அவர் மணப்பாட்டிலிருந்து எழுதிய மடல்களும் உள்ளன. அவர் தங்கிச் செபித்த இடமென்று அக்குகையை இன்றும் நாம் போற்றுகிறோம்.

சென்ற ஆண்டுத் திருநாளுக்கு எம் தமையனாரின் பேரன், ஒன்பது வயதுச் சிறுவன், மும்பையிலிருந்து வந்திருந்தான். மாலையில் குடும்பமே முழந்தாளிட்டுச் செபமாலை சொல்ல, அவன் மட்டும் வாய் திறவாமல் அமர்ந்திருந்தான். "ஏன் ராசா, செபிக்கவில்லையா?" என்றோம். "ஆங்கிலத்தில்தான் தெரியும், சாமித் தாத்தா" என்றான். ஆண்டவருக்கு எல்லா மொழியும் தெரியும். ஆனால் அவனருகே முழந்தாளிட்டிருந்த எம் அத்தைக்கு? எண்பது வயதைக் கடந்த அவர் எம்மை நோக்கி, "சாமி, ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் மந்திரம் சொல்லிக் கொடுத்தீர்கள், நம் வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டீர்களே!" என்றார். பல பங்குகளில் ஞானோபதேசம் கற்பித்த எமக்கு விடை சொல்ல நா எழவில்லை. கடல் கடந்து வந்த ஒருவர் எம் மக்களுக்காகக் கற்ற செபம், இம்மண்ணின் பிள்ளைக்கு எட்டாமற் போயிற்றே!

மறுநாள் காலை அத்தை திண்ணையில் ஓலைப்பெட்டி முடைய அமர்ந்தார். அவனையும் அருகே அமர்த்திக்கொண்டார். ஓலையிழை ஒன்று, செபவரி ஒன்று என இரண்டும் அவனுக்குப் பழகின. ஊர் திரும்புமுன் பரலோக மந்திரத்தைத் தடையின்றிச் சொன்னான்; கோணலாயினும் பெட்டி ஒன்றும் முடைந்து முடித்தான். கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று தொலைபேசியில், அச்செபத்தைத் தன் தங்கைக்குக் கற்பித்து வருவதாகக் கூறியபோது எம் கண்கள் கலங்கின.

திருநாளுக்காக ஊர் திரும்பும் அன்பர்களே, விருந்தும் வாணவேடிக்கையும் இருக்கட்டும். இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். பூட்டிய வீட்டைத் திறப்பது போல, உங்கள் பிள்ளைகளின் நாவையும் தாய்மொழிச் செபத்திற்குத் திறந்துவிடுங்கள். முதியோர் உயிரோடிருக்கும்போதே அது நடக்கட்டும்.