31 கிரவுண்டு, 14 பேர்

2025 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில், சென்னையின் பெயரைச் சுமந்த ஓர் அணி தில்லி அணியை 41-0 என்று துவைத்து எடுத்து, நாட்டின் முதல் ரக்பி பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கியது. அணியின் பெயர் சென்னை புல்ஸ். எங்கள் பக்கத்தில், அதாவது மயிலாப்பூர் மாடவீதிகளில், அன்று இரவு ஒரு சரவெடிச் சத்தமும் கேட்கவில்லை. மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் சொன்னேன். "ரக்பியா? அந்த முட்டை மாதிரி பந்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வார்களே, அதுவா?" என்று கேட்டார்கள்.

அதேதான். ஆனால் அதன் இன்னொரு வடிவம். முழு ரக்பியில் அணிக்குப் பதினைந்து பேர், 80 நிமிடம். அந்தேரியில் ஆடியது செவன்ஸ். அணிக்கு ஏழு பேர். சர்வதேசப் போட்டிகளில் ஏழு நிமிடம், இரண்டு நிமிட இடைவேளை, மறுபடி ஏழு நிமிடம். மொத்தம் 14 நிமிடத்தில் கதை முடிந்துவிடும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட நாட்களில் லஸ் முனையைக் கடக்கவே அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. மலப்புறத்துச் செவன்ஸ் கால்பந்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண் ஒன்று, ஆட்டம் வேறு.

நமக்குப் புரிய வைக்கக் கபடியே போதும். அதிலும் அணிக்கு ஏழு பேர்தான். ஒருவன் ஓடி வர, மற்றவர்கள் மறித்துப் பிடிப்பதுதான் இரண்டிலும் உயிர். ரக்பியில் ஓடுகிறவன் கையில் பந்து இருக்கும். அதை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தி வைத்தால் அது ஒரு 'டிரை', ஐந்து புள்ளி. அதன்பின் பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது உதைத்து, கம்பங்களுக்கு நடுவே மேலே அனுப்பினால் இன்னும் இரண்டு. அதற்குப் பெயர் கன்வர்ஷன். எதிரணி தவறு செய்யும்போது கிடைக்கும் பெனால்டியையும் கம்பத்துக்கு உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம். செவன்ஸில் அதை யாரும் பெரிதாக விரும்புவதில்லை. ஐந்து எடுக்க வழியிருக்கும்போது மூன்றுக்கு ஏன் நிற்க வேண்டும்? மூன்று புள்ளி உதை எதுவும் இல்லாமல் 41 வர வேண்டுமென்றால் ஏழு டிரை, மூன்று கன்வர்ஷன் என்பதைத் தவிர வேறு கூட்டலே கிடையாது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

கபடியிலிருந்து ரக்பி விலகும் இடம் ஒன்று உண்டு. பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். முன்னேற வேண்டிய ஆட்டத்தில் பந்து எப்போதும் பின்னோக்கியே கை மாறும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் தப்பாக ஆடுவது போலவே தோன்றும். பிடிபட்டவன் பந்தை விட்டுவிட வேண்டும். பிடிக்கிறவன் தோளுக்கு மேலே கை வைக்கக் கூடாது. வைத்தால் மஞ்சள் அட்டை விழலாம்; விழுந்தால் இரண்டு நிமிடம் வெளியே. பதினான்கில் இரண்டு என்பது ஆட்டத்தின் ஏழில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் எதிரணி இரண்டு டிரை போட்டுவிட்டுப் போய்விடும்.

இனி மண் கணக்கு. ரக்பி மைதானம் அதிகபட்சம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். 7,000 சதுர மீட்டர். சென்னைக்காரர்களுக்குச் சதுர மீட்டர் சொன்னால் மண்டையில் ஏறாது, கிரவுண்டு கணக்கில்தான் ஏறும். 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு என்றால், இது 31 கிரவுண்டுக்குச் சற்று மேல். கோட்டுக்கு அப்பால் பந்தை வைக்கும் பகுதி இதில் சேரவில்லை. முழு ரக்பியில் முப்பது பேர் ஆடும்போது, ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிரவுண்டு. செவன்ஸில் அதே மைதானம், அதே கோடுகள், ஆனால் 14 பேர்தான். ஆளுக்கு இரண்டேகால் கிரவுண்டு. ஆண்கள் கபடிக் களமோ 13 மீட்டருக்குப் பத்து. அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் அதே 14 பேர்.

இந்த ஒரு கணக்கிலேயே செவன்ஸ் முழுவதும் அடங்கியிருக்கிறது. முழு ரக்பியில் மனிதச் சுவர் இருக்கும். முட்டி மோதி, தள்ளி, அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். செவன்ஸில் சுவர் கிடையாது, சுவரில் ஓட்டைதான் உண்டு. ஒருவன் ஏமாந்தால் போதும், வேகமானவன் அறுபது மீட்டர் ஓடிப் பந்தை வைத்துவிடுவான். அதனால்தான் செவன்ஸ் வீரர்கள் ஓட்டப்பந்தயக்காரர்கள் போலவே இருக்கிறார்கள். ஆட்டம் 14 நிமிடத்தில் முடிவதும் கருணையால் அல்ல. அதற்கு மேல் ஓட நுரையீரல் ஒத்துக்கொள்ளாது.

ஏழு என்று முதலில் தீர்மானித்தது யார்? ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் நெட் ஹேக் என்ற கறிக்கடைத் தொழிலாளி. 1883-ல் உள்ளூர் கிளப்பின் கையில் காசில்லை. நிதி திரட்ட ஒரு விளையாட்டு விழா நடத்தலாம், அதில் ரக்பியும் வைக்கலாம் என்றார்கள். ஒரே நாளில் பல ஆட்டங்களை முடிக்க வேண்டுமானால் அணிக்குப் பதினைந்து பேர் கட்டாது. ஆளைக் குறை, நேரத்தைக் குறை என்பதே ஹேக்கின் யோசனை. ஊர்ப் பெண்கள் ஒரு கோப்பை கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் மெல்ரோஸும் பக்கத்து ஊரான காலாவும் சமநிலை. கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டது. அதில் மெல்ரோஸ் ஒரு டிரை போட்டதும், "ஜெயித்துவிட்டோம்" என்று மைதானத்தை விட்டே நடந்து போய்விட்டது. மீதி நேரம் இருக்கிறதே என்று காலா அணியினர் கத்தியது எடுபடவில்லை. நம் தெரு கிரிக்கெட்டில் பேட்டுக்குச் சொந்தக்காரன் அவுட்டானதும் ஆட்டம் முடிவதில்லையா, அந்த மாதிரி.

பணமுடையில் பிறந்த அந்த யோசனைதான் பிற்பாடு சின்ன நாடுகளுக்கு வாசலாக அமைந்தது. பதினைந்து நல்ல வீரர்களைத் தேற்ற முடியாத நாடும் ஏழு பேரைத் தேற்றிவிடும். 1976 மார்ச்சில் ஹாங்காங்கில் முதல் செவன்ஸ் போட்டி நடந்தபோது வந்த 12 அணிகளில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வந்தவர்களோடு ஃபிஜி, டோங்கா, தாய்லாந்து, மலேசியா, இலங்கை எல்லாம் சமமாக நின்றன. சிகரெட் நிறுவன அதிகாரி ஒருவரும் ஹாங்காங் ரக்பி சங்கத் தலைவரும் பேசிப் பேசி உருவாக்கிய விழா அது. இன்றைக்கும் செவன்ஸ் உலகின் பெரிய திருவிழா அதுதான். 2025 முதல் கை டாக் என்ற புது அரங்கத்துக்கு மாறியிருக்கிறது. ரக்பியைவிட ரசிகர்களின் மாறுவேடங்களைப் பார்க்கவே போகிறவர்களும் உண்டு.

இத்தகைய போட்டியின் அமைப்பு அழகானது. இரண்டு, மூன்று நாள் நடக்கும். ஓர் அணி ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடும். நான்கு அணிகள் கொண்ட குழுக்களில் முதலில் மோதி, அதன்பின் தரம் பிரிப்பார்கள். மேலே உள்ளவர்களுக்குக் 'கப்'. அடுத்த வரிசைக்கு 'பிளேட்', 'பவுல்', 'ஷீல்டு' என்று தனித்தனிக் கோப்பைகள் வைப்பது மரபு. முதல் நாள் தோற்றவனும் மறுநாள் ஒரு கோப்பைக்காக ஆடுவான். விழாவுக்கு வந்தவர் யாரும் பந்தியிலிருந்து வெறும் வயிற்றோடு எழுந்து போகக் கூடாது என்ற கல்யாண வீட்டு நியாயம்.

இலங்கை இதை நம்மைவிட வெகு முன்பே பிடித்துக்கொண்டது. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதிக்கொள்ளும் பிராட்பி கேடயம் அங்கே ஒரு தேசியப் பண்டிகை. சென்னையிலிருந்து கொழும்பு, மும்பையைவிடப் பக்கம். ஆனாலும் கடலைத் தாண்டி அந்தக் காய்ச்சல் இங்கே தொற்றவில்லை.

ஃபிஜி கதையில் தமிழர்களுக்கு ஒரு கிளை உண்டு. 2016 ரியோவில் செவன்ஸ் முதல்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது, ஃபிஜி இறுதியில் பிரிட்டனை 43-7 என்று வீழ்த்தியது. எந்த விளையாட்டிலும் அந்த நாடு வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான், அதுவும் தங்கம். அடுத்த ஆண்டு அரசாங்கம் ஏழு டாலர் நோட்டு ஒன்றை அச்சிட்டது. ஐந்தும் அல்ல பத்தும் அல்ல, ஏழு. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் அங்குள்ள இந்திய வம்சாவளியினரின் ஆட்டம் பெரும்பாலும் கால்பந்துதான். ரக்பி மண்ணின் பூர்வகுடிகளுடையது. ஒரே நாட்டில் இரண்டு பந்துகள், ஒன்று உருண்டை, ஒன்று நீளுருண்டை.

இந்தியாவுக்கு ரக்பி புதிதல்ல. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள், ஒரு கிளப்பும் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் படைப்பிரிவுகள் இடம்பெயர, டென்னிஸும் போலோவும் ஆட்களை இழுக்க, கிளப் கலைந்தது. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, நாகப்பாம்பு கைப்பிடிகளும் மூடியில் யானையுமாக ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றுவரை ஆண்டுதோறும் அடித்துக்கொள்வது அந்தக் 'கல்கத்தா கப்'புக்காகத்தான். நம் வெள்ளி அங்கே பளபளக்கிறது. சென்னையில் தீவுத்திடலை ஒட்டி 1884-ல் தோன்றிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பும் பழைய ரக்பி கிளப்களில் ஒன்று. அந்த ஆட்டம் கிளப்பின் வேலிக்குள்ளேயே நெடுங்காலம் தங்கிவிட்டது. கிரிக்கெட் வேலி தாண்டித் தெருவுக்கு வந்தது, ரக்பி வரவில்லை. தெருவில் 'டேக்கிள்' செய்து, அதாவது ஆளைப் பிடித்துச் சாய்த்து ஆடினால் முட்டி பெயரும் என்பது காரணங்களில் ஒன்றாக இருக்கலாம்.

தேசிய ரக்பி சங்கம் 1998-ல்தான் உருவானது. அதே ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியிலும் பாங்காக் ஆசியப் போட்டியிலும் செவன்ஸ் சேர்ந்தது. 2010-ல் காமன்வெல்த் போட்டி நம்மூருக்கு வந்தபோது, தில்லிப் பல்கலைக்கழக மைதானத்தில் உலகின் பெரிய அணிகள் ஆடின. அதே ஆண்டு குவாங்சோ ஆசியப் போட்டியில் பெண்களுக்கும் செவன்ஸ் வந்தது, இந்தியப் பெண்களும் ஆடினார்கள். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். செவன்ஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மைதான அளவு, நேரம், விதி எல்லாம் ஒன்றே. இந்தியாவில் இந்த ஆட்டத்தின் நம்பிக்கையும் பெண்கள் பக்கமே கூடுதலாக இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒடிசாவில் பழங்குடிக் குழந்தைகளுக்கான கலிங்கா நிறுவனப் பள்ளியிலிருந்து வீராங்கனைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய 20 வயதுக்குட்பட்டோர் செவன்ஸ் போட்டியில் நம் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். அது நடந்த இடம் மும்பையும் அல்ல, தில்லியும் அல்ல, பீகாரின் ராஜ்கிர். அங்கே அரசு புதிதாக ஒரு விளையாட்டு வளாகம் கட்டியிருக்கிறது, இடம் இருக்கிறது. சர்வதேசப் போட்டி ஊரின் பெயரைப் பார்த்து வருவதில்லை, புல்லைப் பார்த்து வருகிறது.

மறுபடி சென்னை புல்ஸ். 2025 பிரீமியர் லீகில் ஆறு அணிகள், 34 ஆட்டங்கள், எல்லாமே மும்பையில். தொலைக்காட்சிக்காக நேரத்தையும் மாற்றியிருந்தார்கள்: நான்கு நிமிடம் வீதம் நான்கு கட்டம், மொத்தம் 16. அணிக்குப் 13 பேர். அதில் ஐந்து பேர் உலக நட்சத்திரங்கள், மூன்று பேர் வளரும் ரக்பி நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஐந்து பேர் இந்தியர்கள். "அப்புறம் என்ன சென்னை அணி?" என்று கேட்கலாம்தான். சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் மயிலாப்பூர்க்காரர்கள் என்று நாம் என்றைக்காவது கேட்டோமா? ஆட்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. பெயருக்குரிய ஊரில் ஓர் ஆட்டம்கூட இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

தென்சென்னையில் 31 கிரவுண்டு காலி இடத்தைத் தேடிப் பாருங்கள். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிறு காலை எத்தனை கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும் என்று எண்ணி முடியாது; ஓர் ஆட்டத்தின் ஸ்லிப் ஃபீல்டர் இன்னோர் ஆட்டத்தின் பிட்ச்சில் நிற்பார். மயிலாப்பூரில் பள்ளி மைதானங்கள் உண்டு, பூட்டும் உண்டு. நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 1920-ல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய, ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி அது. புத்தகக் கண்காட்சியில் சுற்றிக் கால் கடுத்தவர்களுக்கு அந்த வளாகத்தின் விஸ்தாரம் நன்றாகத் தெரியும். அடையாறில் ஐ.ஐ.டி.க்குள் மைதானம் இருக்கிறது. வாசலில் காவலர் இருக்கிறார். பெசன்ட் நகர் மணலில் டேக்கிளுக்குப் பதில் தொட்டால் போதும் என்ற 'டச்' வகையை ஆடலாம். விழுந்தாலும் அடிபடாது. பந்தைப் பின்னால் கொடுக்கும் பழக்கம் கைக்கு வர அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால் அறுபது மீட்டர் ஓட்டத்தை மணலில் கற்க முடியாது.

கபடி பரவியதற்கு அரை கிரவுண்டு போதுமாக இருந்தது. கோயில் பின்புறம், களத்துமேடு, பள்ளிக்கூட மூலை என எங்கும் அது முளைத்தது. செவன்ஸ் ஆளைக் குறைத்தது, நேரத்தைக் குறைத்தது, செலவைக் குறைத்தது. மண்ணை மட்டும் ஒரு சென்ட்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த முறை ஹாங்காங் செவன்ஸோ ஆசியப் போட்டியோ தொலைக்காட்சியில் வரும்போது ஓர் ஆட்டம் பாருங்கள். புள்ளி எடுத்த அணியே மறுபடி பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும். முழு ரக்பியில் தலைகீழ். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். இடைவேளை இரண்டே நிமிடம் என்பதையும் நினைவில் வையுங்கள். டிகாஷன் முன்பே இறங்கியிருக்க வேண்டும்.